பங்குனியில் பால் மறக்கடிக்கலாமா? செம்மறிக்கு 60 நாளா, 90 நாளா

குப்பம்_மந்தை | மாசி 22

வணக்கம். குப்பத்திலிருந்து நாட்றம்பள்ளி போகும் வழியில், எல்லைக்கு ஆந்திரப் பக்கம் எங்கள் ஊர். 46 பெட்டை, 2 பொலிகிடா. நெல்லூர் ரகமும் ஊர் ஆடும் கலந்த மந்தை. போன ஆடியில் மழை விழுந்து புல் முளைத்ததும் கிடா சேர்ந்தது. மார்கழியில் தொடங்கி தை முதல் வாரத்தோடு ஈன்று முடிந்தன. 41 குட்டிகள் நிற்கின்றன. மூத்த குட்டிக்கு 80 நாள், கடைசிக் குட்டிக்கு 45 நாள்.

கடலை பிடுங்கிய காடும் கேழ்வரகு அறுத்த காடும் மேய்ந்து முடிந்துவிட்டன. கரட்டில் புல் கம்பி மாதிரி நிற்கிறது. கவுண்டின்யா காட்டு ஓரத்துக்கு யானை நடமாட்டத்தால் ஓட்டுவதில்லை. தாய் ஆடுகளின் முதுகெலும்பைத் தூரத்தில் இருந்தே எண்ணலாம். குட்டிகளோ மடியை முட்டி முட்டிக் குடித்துக்கொண்டே இருக்கின்றன.

எங்கள் நைனா சொல்வது ஒன்றுதான்: "தாயே உதைச்சுத் தள்ளும், அதுவரைக்கும் விடு." போன ஆடிக்கு முந்தின வருடம் அப்படித்தான் நாலு மாதம் விட்டோம். ஆடி வந்தபோது தாய்கள் எலும்பும் தோலுமாக நின்றன. 44 பெட்டையில் 23 மட்டும்தான் சினை பிடித்தது. மீதி ஐப்பசிக்கு மேல் முன்னும் பின்னுமாகச் சேர்ந்து, குட்டிகள் கோடையில் பிறந்து, பாதி போய்விட்டது. போன ஆடியில்தான் தப்பித்தோம், மழை முன்னாலேயே வந்தது.

இப்போது 60 நாளிலேயே குட்டியைப் பிரிக்கலாமா? பச்சையே இல்லாத பங்குனியில் பாலையும் நிறுத்த மனசு வரவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


ஆம்பூர்_கிடை | மாசி 22

90 நாள். அதற்கு முன்னால் கை வைக்காதீர்கள். எங்கள் பக்கம் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.


பட்டி_வைத்தியம் | மாசி 23

தம்பி, பலமநேர், வி.கோட்டா பக்கம் கால்நடை உதவியாளராக 31 வருடம் வேலை பார்த்தவன் நான். உங்கள் கேள்வியை ஆடியிலிருந்து பின்னால் எண்ணிப் பார்க்கிறேன்.

பெட்டை ஆடு சினை பிடிக்க வேண்டும் என்றால் கிடா சேரும் நாளில் அதன் உடம்பில் சதை இருக்க வேண்டும். மெலிந்த ஆட்டுக்குப் பருவம் வராது. வந்தாலும் ஒரு முட்டைதான் வெளிவரும், கரு தங்குவதும் குறைவு. உடல் நிலைக்கு 0 முதல் 5 வரை மார்க் போடும் முறையை 1961-ல் ஆஸ்திரேலியாவில் கொண்டுவந்தார்கள். 1969-ல் ஸ்காட்லாந்தின் மலை மேய்ச்சல் ஆராய்ச்சியாளர்கள் அதைச் சீர்படுத்தினார்கள். தராசு வேண்டாம், கை போதும். கடைசி விலா எலும்புக்குப் பின்னால், இடுப்பின் மேல் விரல்களை வைத்து அழுத்துங்கள். உங்கள் கையை இறுக மூடி விரல் முட்டிகளைத் தடவினால் எப்படி இருக்குமோ அப்படி முதுகு இருந்தால் ஆடு மெலிவு, 2-க்குக் கீழே. விரல்களை நீட்டிப் புறங்கையைத் தடவுவது போல, எலும்பு தெரிந்தும் மேலே சதை மூடியிருந்தால் 3. கிடா சேர்க்க அதுதான் சரியான நிலை.

ஒரு மார்க் ஏற நல்ல தீவனத்திலேயே 6 முதல் 8 வாரம் ஆகும். நீங்கள் சொல்லும் ஆடு 1½ இருக்கும் என்று நினைக்கிறேன். 3-க்கு வர ஒன்றரை மார்க் ஏற வேண்டும், அதுவும் பங்குனி, சித்திரை, வைகாசியில். நாலு மாதம் வரை பால் கொடுத்தால் சித்திரைக் கடைசியில்தான் தாய்க்கு ஓய்வு. அதற்கப்புறம் இரண்டு மாதத்தில் ஆடி வந்துவிடும். கணக்கு உதைக்கிறது.

இனி குட்டியின் பக்கம். தாய் ஆட்டின் பால் ஈன்ற மூன்றாவது, நாலாவது வாரத்தில் உச்சத்துக்குப் போகும். அப்புறம் இறங்குமுகம்தான். எட்டு வாரத்தில் பாதிக்கு வந்துவிடும், காய்ந்த மேய்ச்சலில் இன்னும் சீக்கிரம். குட்டி ஓயாமல் முட்டுகிறது என்றால் மடியில் பால் நிறைய இருக்கிறது என்று அர்த்தமில்லை, இல்லாததால்தான் முட்டுகிறது. 80 நாள் குட்டிக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு மடக்கு. அந்த மடக்குக்குத் தாய் கொடுக்கும் விலை பெரிது.

ஆனால் நாளை மட்டும் பார்த்துப் பிரிக்காதீர்கள். பிறந்த எடையைப் போல மூன்று மடங்கு வந்திருக்க வேண்டும். பாலோடு தீவனமும் தினமும் தின்று பழகியிருக்க வேண்டும். இரண்டும் இருந்தால் 60 நாளில் பிரிக்கலாம். இல்லாத குட்டிக்கு 90 நாளும் போதாது. எடை போட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.


குப்பம்_மந்தை | மாசி 25

ஐயா, நன்றி. தொங்கு தராசில் சாக்கைக் கட்டி எல்லாக் குட்டியையும் போட்டேன். பிறந்தபோது எடுத்த எடை 20 குட்டிக்குத்தான் இருக்கிறது, பெரும்பாலும் இரண்டரையிலிருந்து மூன்று கிலோ. இப்போது மூத்தவை 9 முதல் 12 கிலோ. கடைசியில் பிறந்தவை 6, 7. ஒரு குட்டி 5 கிலோ கூட இல்லை. அதன் தாய்க்கு ஒரு காம்பு அடைப்பு.

தாய்களைத் தடவிப் பார்த்தேன். 46-ல் 30 ஆடு முட்டி மாதிரிதான் இருக்கின்றன. தினமும் கூடவே நடக்கிறேன், கை வைத்தபோதுதான் உறைத்தது.

தீவனம் இதுவரை தனியாக வைத்ததில்லை. தாய்க்கு வைக்கும் கொள்ளுப் பொட்டைக் குட்டிகளும் கொறிக்கும், அவ்வளவுதான்.


பேர்ணாம்பட்டு_அக்கா | மாசி 25

தம்பி, அவசரப்படாதே. போன வருடம் நானும் யாரோ சொன்னதைக் கேட்டு 60 நாளில் பிரித்தேன். குட்டிக்குப் பால் போச்சே என்ற பரிதவிப்பில் அன்றைக்கே உடைத்த மக்காச்சோளத்தைத் தொட்டி நிறையக் கொட்டினேன். இரண்டாம் நாள் கழிச்சல். மூன்றாம் நாள் காலையில் நன்றாக இருந்த இரண்டு கொழுத்த குட்டிகள் துள்ளி விழுந்து செத்தன. அதற்கப்புறம் இன்னும் இரண்டு. என்னிடம் இருப்பதே 20 ஆடு. நாலு குட்டி என்பது என் பெண்ணின் கல்லூரிக் கட்டணம்.

அதனால்தான் சொல்கிறேன். புத்தகத்தில் 60 நாள் என்று இருக்கலாம். அந்த 60 நாளும் என்ன செய்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.


பட்டி_வைத்தியம் | மாசி 26

அம்மா, நீங்கள் எழுதியதைத்தான் நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். உங்கள் குட்டிகளுக்கு வந்தது துள்ளுமாரி என்றுதான் தோன்றுகிறது. அந்தக் கிருமி குடலில் எப்போதும் கொஞ்சம் இருக்கும். திடீரென்று மாவுச்சத்து நிறையப் போய்ச் சேர்ந்தால் பெருகி நஞ்சைக் கக்கும். கொழுகொழு குட்டிதான் முதலில் போகும், ஏனென்றால் அதுதான் தொட்டியில் முந்தித் தின்னும். தாய்க்கு ஈனுவதற்கு மூன்று, நாலு வாரம் முன்பே தடுப்பூசி போட்டிருந்தால் சீம்பால் வழியாகக் குட்டிக்கு முதல் பாதுகாப்பு கிடைக்கும். குட்டிக்குத் தனியாக எப்போது போடுவது, ஊக்க ஊசி எப்போது என்பதை உங்கள் ஊர் மருந்தக மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏன் பழக்க வேண்டும் என்பதையும் சொல்கிறேன். குட்டி பிறக்கும்போது அதன் நாலு வயிற்றறைகளில் பால் செரிக்கும் நாலாவது அறைதான் பெரிது. அசைபோடும் பெரிய வயிறு வெறும் பை. பால் குடிக்கும்போது தொண்டையிலிருந்து ஒரு வாய்க்கால் மூடிக்கொண்டு பாலை நேராக நாலாவது அறைக்கு அனுப்பிவிடும். அதனால் எவ்வளவு பால் குடித்தாலும் பெரிய வயிறு வளராது. தானியம் உள்ளே போய்ப் புளித்தால் உண்டாகும் அமிலங்கள்தான் அதன் உள்சுவரில் பூந்துவாலை போல முடிச்சு முடிச்சாக வளரவைக்கும். சத்தை உறிஞ்சுவது அந்த முடிச்சுகள்தான். நாரும் தழையும் வயிற்றைப் பெரிதாக்கிச் சதைப்பற்று தரும். இரண்டும் வேண்டும். இரண்டாவது வாரத்திலேயே நுனி நாக்கில் பழக்கினால் ஏழு, எட்டு வாரத்தில் வயிறு வேலைக்குத் தயார். பழக்காமல் 60-ம் நாள் பிரித்தால் சமையலறை கட்டாத வீட்டுக்கு அரிசி வாங்கிப் போட்ட கதைதான்.

குப்பம் தம்பி, உங்களுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. பட்டியின் ஒரு மூலையில் மூங்கில் தட்டி கட்டி, குட்டி மட்டும் நுழையும் அளவுக்குச் சந்து விடுங்கள். உள்ளே தீவனம், தண்ணீர், கட்டித் தொங்கவிட்ட தழை. நான் சொல்லும் கலவை 100 கிலோவுக்கு: உடைத்த மக்காச்சோளம் 50, கடலைப்புண்ணாக்கு 30, கோதுமைத் தவிடு 17, தாது உப்புக் கலவை 2, கல் உப்பு 1. புரதம் 19, 20 சதவீதம் வரும். முதல் நாள் குட்டிக்கு ஒரு கைப்பிடி கூட வேண்டாம், 20 கிராம். இரண்டு நாளைக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். ஒரு நாளைக்கு 150 கிராம் வீதம் ஒரு வாரம் விடாமல் தின்ற குட்டியைத்தான் நான் பிரிப்பேன்.

புண்ணாக்கில் பூசணம் இருக்கக் கூடாது. பூசண நஞ்சு இளங்குட்டியின் ஈரலைத் தின்றுவிடும். தவிட்டின் அளவை மேலே ஏற்றாதீர்கள், கிடாக்குட்டிக்குச் சிறுநீரில் கல் அடைக்கும். மாட்டுக்கு வாங்கிய தாது உப்பு மூட்டை வீட்டில் இருக்கிறதே என்று அதைக் கலக்க வேண்டாம். அதில் செம்பு அதிகம், செம்மறி தாங்காது. செம்மறிக்கு என்றே கேட்டு வாங்குங்கள்.


விகோட்டா_பட்டுப்புழு | மாசி 26

எங்கள் ஊர்ப் பக்கம் பாதிப் பேர் பட்டுப்புழு வளர்க்கிறோம். புழு தின்று மிச்சம் வைத்த மல்பெரித் தண்டையும் இலையையும் குட்டிகளுக்குக் கட்டித் தொங்கவிடுகிறேன். புரதம் நல்ல அளவு இருக்கும், செரிமானமும் சுலபம். கோடையில் கிணற்றுப் பாசனத் தோட்டத்தில் பச்சையாக நிற்பது அது ஒன்றுதான். எச்சரிக்கை ஒன்று: புழுப் படுக்கையில் தூவிய சுண்ணாம்பும் கிருமிநாசினித் தூளும் ஒட்டிய கழிவைக் கொடுக்காதீர்கள். தோட்டத்தில் கவாத்து செய்யும்போது விழும் கிளைதான் நல்லது. குப்பம் அண்ணனுக்கு வேண்டுமானால் வாரம் ஒரு வண்டி தருகிறேன், எரு கொடுத்தால் போதும்.


ராமகுப்பம்_மாடு | மாசி 28

இங்கே பேச்சு ஆட்டைப் பற்றியது, மன்னிக்கவும். எனக்கு அதே தலைவலி மாட்டில். நாலு நாட்டு மாடு, மேய்ச்சல்தான். கன்று நாள் முழுக்கத் தாய் கூடவே மேயும். ஈன்று எட்டு மாதம் ஆகியும் இரண்டு மாடு பருவத்துக்கே வரவில்லை. சினை ஊசி போடுபவர் வந்து பார்த்துவிட்டு "கத்தினால் கூப்பிடு" என்று போய்விட்டார். கத்தவே மாட்டேன் என்கிறது. எங்கள் தாத்தா கன்றின் மூக்கில் முள் கட்டுவார். தாய் குத்துப் பட்டு உதைக்கும், கன்று மறக்கும். அதைச் செய்ய எனக்கு மனசில்லை.


வேப்பனப்பள்ளி_மாணவன் | மாசி 29

அண்ணா, கால்நடை மருத்துவ மேற்படிப்பில் இதே தலைப்பைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

ஈன்ற மாடு திரும்பப் பருவத்துக்கு வருவதைத் தடுப்பவற்றில் முக்கியமானவை இரண்டு, தீனிக் குறைவும் கன்று ஊட்டுவதும். அமெரிக்காவில் மாண்டானாவின் மைல்ஸ் சிட்டி மேய்ச்சல் ஆராய்ச்சி நிலையத்தார் 1990-ல் இதைத் தொகுத்து எழுதினார்கள். மாட்டின் உடம்பு தின்றதை வரிசை வைத்துத்தான் செலவழிக்கும். முதலில் தன் உயிர், அப்புறம் வளர்ச்சி, பால். அடுத்த சினை வரிசையின் கடைசி. மெலிந்த மாட்டில் தீனி கடைசி ஆள் வரை போய்ச் சேர்வதே இல்லை.

இரண்டாவதில்தான் எனக்கு மிகவும் பிடித்த ஆராய்ச்சி இருக்கிறது. காம்பைச் சப்புவதுதான் பருவத்தைத் தடுக்கிறது என்று ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். டெக்சாஸில் பீவில் நிலையத்தில் மடியின் நரம்பை அறுத்துப் பார்த்தார்கள், அப்போதும் கன்று கூட இருந்தால் தடை நீங்கவில்லை. வேறு மாட்டின் கன்றைக் குடிக்க விட்டார்கள், தடை இல்லை! தாயின் கண்ணையும் மூக்கையும் சேர்த்து மறைத்தபோது, சொந்தக் கன்றே குடித்தும் பருவத்தைத் தூண்டும் சுரப்பு எழுந்தது. ஒன்றை மட்டும் மறைத்தால் பலிக்கவில்லை. "இது என் கன்று" என்று தாய்க்குத் தெரிவதுதான் மூளையில் அந்தச் சுரப்பைப் பிடித்து வைக்கிறது. 1990-களில் வந்த முடிவு இது. முதல்முறை படித்தபோது எங்கள் வீட்டு மாடு கன்றை நக்கிக்கொண்டே நிற்பது கண்ணில் வந்தது.

அதனால் உங்களுக்கு முள் வேண்டாம். காலையிலும் மாலையிலும் கறக்கும்போது அரை மணி நேரம் ஊட்ட விட்டு, மீதி நேரம் கன்றைத் தாயின் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கட்டுங்கள். தாய்க்கு ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ அடர் தீவனம். தாது உப்பு தினமும் 30 கிராம்.

முழுக்கப் பிரிக்கும் நாள் வரும்போது இன்னொரு வழி. கனடாவில் சஸ்காட்செவன் பல்கலைக்கழகத்தில் 2005-ல் வெளியிட்டார்கள். கன்றின் மூக்கில் முள் இல்லாத பிளாஸ்டிக் மடல் ஒன்றை நாலைந்து நாள் மாட்டினார்கள். தாய் கூடவே மேயும், தண்ணீர் குடிக்கும், காம்பை மட்டும் வாயில் பிடிக்க முடியாது. அப்புறம் பிரித்தபோது, ஒரேயடியாகப் பிரித்த கன்றுகளைவிடக் கத்துவதும் அலைவதும் மிகவும் குறைந்தன. பாலை இழப்பதையும் தாயை இழப்பதையும் ஒரே நாளில் கன்றின் தலையில் போடாமல் இருப்பதுதான் சூட்சுமம்.


ஆம்பூர்_கிடை | மாசி 29

தம்பி, அங்கே கறக்காத கறி மாடு. நம் மாடு கன்று முன்னால் நிற்காவிட்டால் பாலே இறக்காது. கன்றைக் கண்ணில் காட்டாதே என்றால் பால்காரனுக்கு என்ன ஊற்றுவது?


வேப்பனப்பள்ளி_மாணவன் | மாசி 29

நியாயமான கேள்வி அண்ணா. அதனால்தான் இரண்டு வேளை ஊட்டு என்று எழுதினேன். திமில் உள்ள நம் மாடுகளுக்குப் பால் இறங்கக் கன்று வேண்டும். கறக்கும் அரை மணி நேரம் கன்று இருக்கட்டும், மீதி இருபத்து மூன்று மணி நேரமும் அது கூடவே நிற்பதைத்தான் மாற்றச் சொல்கிறேன். கறிமாட்டு முடிவை அப்படியே நம் தொழுவத்தில் ஒட்ட முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.


பேர்ணாம்பட்டு_அக்கா | மாசி 30

மாட்டுப் பேச்சு வந்ததால் ஒரு வார்த்தை. எங்கள் எல்லைப் பக்கம் மாடு ஈன்றால் அக்கம்பக்கம் எல்லாம் ஜுன்னுக்கு, அதாவது சீம்பாலில் செய்யும் இனிப்புக்கு, சொம்போடு வந்துவிடுவார்கள். நானும் சாப்பிடுவேன், பிடிக்கும். ஆனால் முதல் பால் கன்றுக்குத்தான். இதை எங்கள் தெருவில் சண்டை போட்டு மாற்றினேன். கன்று குடித்த மிச்சம்தான் ஜுன்னு.


பட்டி_வைத்தியம் | மாசி 30

பொன்னான வேலை செய்திருக்கிறீர்கள் அம்மா. மனிதக் குழந்தைக்குத் தாயின் வயிற்றிலேயே கொஞ்சம் எதிர்ப்புச் சக்தி வந்துவிடும். மாட்டுக்கும் ஆட்டுக்கும் நஞ்சுக்கொடி அதை விடாது. கன்று வெறுங்கையோடு பிறக்கிறது. சீம்பால் மட்டும்தான் வழி, அதுவும் முதல் சில மணி நேரம். குடல் அதை முழுசாக உறிஞ்சும் கதவு 24 மணி நேரத்தில் சாத்திக்கொள்ளும். முதல் நாளில் எடையில் பத்தில் ஒரு பங்கு உள்ளே போக வேண்டும். மூன்று கிலோ குட்டிக்கு 300 மில்லி, 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர்.


குப்பம்_மந்தை | பங்குனி 12

முதலில் வி.கோட்டா தம்பிக்கு நன்றி, மல்பெரி இரண்டு வண்டி வந்தது. தட்டி கட்டினேன். முதல் நான்கு நாள் ஒரு குட்டியும் உள்ளே போகவில்லை. கொஞ்சம் வெல்லத்தைக் கரைத்துத் தெளித்த பிறகு ஒன்று போனது, அதைப் பார்த்து மற்றவை போயின. 26 குட்டி இப்போது 150 கிராமைத் தொட்டுவிட்டன.

நேற்று அந்த 26-ஐயும் பிரித்தோம். குட்டிகளைப் பழகிய பட்டியிலேயே விட்டுவிட்டுத் தாய்களை ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் மாமா நிலத்தில் கிடை போட்டோம். ராத்திரி முழுக்க இரண்டு பக்கமும் கத்தல். நைனா தூங்கவே இல்லை. "இதுங்க பாவம் நமக்கு வேணாம்டா" என்று எழுந்து போனவரைக் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். இன்று பகலில் குட்டிகள் தொட்டிக்கு வந்துவிட்டன.

சந்தேகம் ஒன்று. தாய்களுக்கு மடி கட்டியிருக்கிறது. கறந்துவிடலாமா?


பட்டி_வைத்தியம் | பங்குனி 12

வேண்டாம். கறந்தால் மறுபடி சுரக்கும். இரண்டு நாளைக்கு அடர் தீவனம் கிடையாது, காய்ந்த தட்டும் தண்ணீரும்தான். மடி சூடாக, கல் மாதிரி இருக்கும் ஆட்டை மட்டும் தனியாகப் பார்த்து மருத்துவரிடம் காட்டுங்கள். நாலைந்து நாளில் மடி தானாக வற்றும். அதற்கப்புறம்தான் தாய்க்குத் தீனி ஏற்ற வேண்டும்.

நிற்கும் 15 சின்னக் குட்டிகளை அவசரப்படுத்தாதீர்கள். அந்த ஒற்றைக் காம்புத் தாயை இந்த வருடமே கழித்துவிடுங்கள். அதன் குட்டிக்கு ஆட்டுப்பால் புட்டியில் கொடுங்கள்.


சாந்திபுரம்_மந்தை | பங்குனி 15

எல்லோரும் தீவனத்தைப் பேசுகிறீர்கள், புழுவையும் பேசுங்கள். வயிற்றில் இரத்தம் குடிக்கும் உருளைப்புழு, ஈன்ற தாயின் உடம்பு தளரும் நேரம் பார்த்து முட்டையைக் கொட்டும். தாய் மேய்ந்த அதே இடத்தில் பால் மறந்த குட்டி மேய்ந்தால் அத்தனையையும் வாங்கிக்கொள்ளும். அதன் உடம்புக்கு எதிர்க்கவே தெரியாத வயசு. இப்போது கோடை வெயில் காப்பாற்றும். ஐப்பசியில் பால் மறக்கடிப்பவர்கள் இதிலேயே பாதி குட்டியை இழக்கிறார்கள். பால் மறந்த குட்டிக்கு ஆடு மேயாத நிலம் கொடுங்கள், பனி காய்ந்த பிறகு ஓட்டுங்கள். கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் விடுங்கள், வெளுத்திருந்தால் மருந்து. தென்னாப்பிரிக்காவில் இதற்கு ஐந்து நிற அட்டையே செய்திருக்கிறார்கள். எல்லா ஆட்டுக்கும் மாதாமாதம் மருந்து ஊற்றி ஊற்றித்தான் எங்கள் ஊரில் மருந்தே பலிக்காமல் போனது.


விகோட்டா_பட்டுப்புழு | பங்குனி 16

இரட்டைக் குட்டி போடும் ரகம் வாங்கினால் வருமானம் கூடுமே, அதைப் பற்றி யாராவது?


வேப்பனப்பள்ளி_மாணவன் | பங்குனி 17

வங்காளத்துச் சுந்தரவனத்தில் கரோல் என்று ஒரு சின்ன ஆடு. இரட்டைக் குட்டி அதற்குச் சாதாரணம். 1790-களில் கல்கத்தாவிலிருந்து கப்பலில் ஆஸ்திரேலியா போன வங்காள ஆடுகள் வழியாக அந்த இரட்டைக் குட்டி மரபணு மெரினோ என்ற கம்பளி ஆட்டில் கலந்தது. இரண்டிலும் இருப்பது அதே மரபணு என்று 2002-ல் கண்டுபிடித்தார்கள். மகாராஷ்டிரத்தின் பல்டணில் நாரி சுவர்ணா என்றும், ராஜஸ்தான் அவிகாநகர் மத்திய ஆராய்ச்சி நிலையத்தில் அவிஷான் என்றும் அதைக் கொண்டு புது ஆடுகள் உருவாக்கியிருக்கிறார்கள்.

ஆனால் குட்டியின் பிறப்பு எடையில் பெரும்பகுதி சினையின் கடைசி ஆறேழு வாரத்தில்தான் ஏறுகிறது. இரட்டைச் சினை ஆட்டுக்கு அந்த நேரம் வயிற்றில் தீனிக்கு இடமும் இல்லை, மேய்ச்சலில் சத்தும் இல்லை என்றால் உடம்புக் கொழுப்பை உருக்கி உருக்கித் தாய் படுத்துவிடும். தினம் 200, 250 கிராம் அடர் தீவனம் கையில் வைத்துக்கொண்டு இரட்டைக்கு ஆசைப்படுங்கள். கரட்டில் மேயும் மந்தைக்கு உயிரோடு பால் மறக்கும் ஒரு குட்டி போதும்.


பட்டி_வைத்தியம் | வைகாசி 20

குப்பம் தம்பி, என்ன ஆச்சு? ஆடிக்கு நாள் நெருங்குகிறது. கிடாவை இப்போதே மந்தையை விட்டுப் பிரித்துவிடுங்கள். விந்து உருவாக ஏழு வாரம் ஆகும், அதனால் ஆடியில் வேலை செய்யும் கிடாவுக்கு இன்றே தீனியும் நிழலும் வேண்டும். ஒரு மாதம் கண்ணிலும் மூக்கிலும் படாமல் இருந்த கிடா திடீரென்று உள்ளே வந்தால், பருவத்துக்கு வராமல் கிடந்த பெட்டைகள்கூடச் சேர்ந்தாற்போலக் கிளம்பும். மேற்கு ஆஸ்திரேலியாவில் 1944-லேயே எழுதி வைத்த சங்கதி.

பெட்டைக்குக் கிடா சேர்க்க மூன்று வாரம் முன்பிருந்து 200 கிராம் தானியம். அதுவும் மெலிந்து இருப்பதற்குத்தான் பலன் தெரியும், 3-க்கு மேல் இருக்கும் ஆட்டுக்குக் கொட்டுவது வீண். சேர்ந்த பிறகு தீனியைத் திடீரென்று கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். கரு ஒட்டும் காலம் அது.


குப்பம்_மந்தை | ஆவணி 25

தாமதத்துக்கு மன்னிக்கவும், மழை, நடவு.

முதல் தொகுதி 26 குட்டியில் ஒன்றை நாய் கடித்தது, மற்றவை நன்றாக இருந்தன. கிடாக்குட்டிகளை ஆனியில் கே.வி.குப்பம் சந்தைக்கு ஓட்டினோம். பின்னால் பிரித்த 15-ல் இரண்டு போய்விட்டன, கழிச்சல். ஒன்று புட்டியில் வளர்த்த குட்டி. என் பெண் அதற்குப் பெயர் வைத்திருந்தாள்.

தாய்கள் வைகாசிக் கடைசியில் புறங்கை மாதிரி ஆகிவிட்டன. எல்லாம் இல்லை, 31 ஆடு. வெள்வேலங்காய் விழுந்த மாதம் அது, நைனாதான் தொரட்டியால் உலுக்கி உலுக்கிப் போட்டார். கிடாவைப் பிரித்து வைத்து ஆடி 3 அன்று உள்ளே விட்டோம். கிடாவின் நெஞ்சில் காவியை எண்ணெயில் குழைத்துப் பூசியிருந்தேன், எந்த ஆட்டின் பின்புறத்தில் சிவப்பு ஒட்டுகிறதோ அதைக் குறித்துக்கொண்டோம். 17 நாள் கழித்து நிறத்தை மாற்றி நீலம். நீலமும் ஒட்டினால் முதல் தடவை தங்கவில்லை என்று கணக்கு.

45 பெட்டையில் 42 சிவப்பு. அதில் 5-க்கு மட்டும் மறுபடி நீலம். மூன்று ஆடு இரண்டு நிறமும் இல்லாமல் நிற்கின்றன, மூன்றும் போன வைகாசியில் நான் தடவிப் பார்த்து முட்டி என்று எழுதி வைத்தவை. ஆடி கழிந்து இன்றுவரை வேறெதுவும் திரும்பவில்லை.

நைனா நேற்று ராத்திரி நோட்டை வாங்கிப் பார்த்தார். மார்கழியில் எத்தனாம் தேதி முதல் குட்டி என்று கேட்டார். 148 நாள் எண்ணிச் சொன்னேன். தட்டிக்கு மூங்கில் இப்போதே வெட்டிப் போடச் சொல்லிவிட்டார், மழையில் ஊறினால் கரையான் அரிக்காதாம்.


ராமகுப்பம்_மாடு | ஆவணி 25

ஒரு மாடு வைகாசியில் கத்தியது. ஊசி போட்டோம், சினை நின்றிருக்கிறது. இன்னொன்று இன்னும் இல்லை, அதற்கு வயசும் ஆகிவிட்டது. கன்றை மாமரத்துக்குப் பின்னால் கட்டுகிறேன். மாலையில் அவிழ்த்ததும் அது ஓடி வரும் ஓட்டத்தைப் பார்க்கவே தெருப் பிள்ளைகள் கூடிவிடுகிறார்கள்.